கட்டுநாயக்கவில் இறங்கி வன்னிக்கு வர எந்த வழி நல்லது?

ஜூலை, ஓகஸ்ட் விடுமுறை நெருங்கினால் வன்னியில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். கனடாவில் இருந்து அக்கா குடும்பம் வருகிறது. கட்டாரில் வேலை செய்யும் தம்பி இரண்டு வருடத்துக்குப் பிறகு லீவில் வருகிறான். லண்டனில் இருந்து மாமி தனியாக வருகிறா. யாரை அனுப்பிக் கூட்டிவருவது? ஊர் வானை விடுவதா, எயார்போட்டிலேயே ஒரு வண்டி பிடிக்கச் சொல்வதா, கொழும்பில் ஒரு நாள் நின்று ரயிலில் வரட்டும் என்று விடுவதா? யாழ்ப்பாணப் பக்கம் பலாலிக்கும் விமானம் வருவதால் இப்போது அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இந்தப் பேச்சு பெரும்பாலும் வாடகைக் காசில் தொடங்கி வாடகைக் காசிலேயே முடிந்துவிடுகிறது. காசு முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது, வண்டி ஓட்டி வரப்போகிறவர் அதற்கு முன் எப்போது தூங்கினார் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

## முடிவெடுக்க முன் பார்க்க வேண்டியவை

தூரம். கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்புப் பக்கம் இருக்கிறது. வன்னிக்கு வருபவர் கொழும்புக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், நொச்சியாகம, அநுராதபுரம், மதவாச்சி என்று வந்தால் வவுனியா கிட்டத்தட்ட 230 கிலோமீட்டர். கிளிநொச்சி 300ஐத் தாண்டும். மாங்குளத்தால் திரும்பி முல்லைத்தீவுக்குப் போனால் அதைவிடக் கொஞ்சம் கூட. ஓட்ட நேரம் மட்டும் வவுனியாவுக்கு ஐந்து மணித்தியாலம், கிளிநொச்சிக்கு ஆறு ஆறரை, முல்லைத்தீவுக்கு ஏழு என்று வையுங்கள். சாப்பாடும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதும் இதற்கு வெளியே.

இறங்கும் நேரம். வளைகுடா வழியாக வரும் பல விமானங்கள் இரவிலோ விடியற்காலையிலோ இறங்குகின்றன. காலை ஏழு மணிக்கு இறங்குபவருக்கு நல்ல வழி, இரவு பதினொரு மணிக்கு இறங்குபவருக்கு ஆபத்தான வழியாகிவிடலாம்.

ஆட்களும் பெட்டிகளும். தனி ஆள் ஒரு பெட்டியோடு வருவதும், நான்கு பேர் எட்டுப் பெட்டியோடு வருவதும் ஒன்றல்ல. முழங்கால் வருத்தம் உள்ள அம்மா, கைக்குழந்தை, சீனி வருத்தத்துக்கு நேரத்துக்கு ஊசி போடுபவர் இருந்தால் அதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

கடைசித் துண்டு. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் எல்லாம் ஏ9 வீதியிலேயே இருக்கின்றன. மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, விசுவமடு, புதுக்குடியிருப்பு அப்படி இல்லை. சந்தியில் இறங்கிய பிறகு இன்னொரு வண்டி வேண்டும். பஸ்ஸையும் ரயிலையும் பற்றி யோசிக்கும்போது பலரும் மறந்துவிடும் துண்டு இதுதான்.

ஓட்டுநரின் தூக்கம். ஆளுக்குத் தூக்கம் கூடுதலாக வருவது அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னும் கொஞ்சம் வரும். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் கவனத்தின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்துவிட்டு வரும் சாரதியின் வானில் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம். இரண்டு நாள் தூங்காத சாரதியின் வானில் ஏற்றுகிறோம்.

## வாசலுக்கு வெளியே வரும் வரை

எந்த வழியில் வந்தாலும் எயார்போட்டுக்குள் நடப்பது ஒன்றுதான். இது தெரிந்தால்தான் வண்டியை எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்று கணக்குப் போடலாம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்கள் இ.டி.ஏ. என்ற இணையப் பயண அனுமதியை வீட்டில் இருந்தே அரசாங்கத் தளத்தில் எடுத்துக்கொண்டு வருவது நல்லது. கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்து இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி இலங்கையர் வரிசையில் வரலாம். வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமா என்று இன்றும் சிலர் பயந்து கேட்கிறார்கள். 2014 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 2015 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்ற காலம் போய்விட்டது.

குடிவரவு முடிந்ததும் டியூட்டி ஃப்ரீ கடைகள் வரும். சொக்லேட்டும் வாசனைத் தைலமும் விற்கும் கடைகள் மட்டுமில்லை, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், பெரிய தொலைக்காட்சி விற்கும் கடைகளும் கட்டுநாயக்கவில் உண்டு. வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வரும் பிள்ளைகள் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வருவது இங்கேதான். வாங்கும் எண்ணம் இருந்தால் வண்டிக்காரருக்கு முன்பே சொல்லுங்கள். காருக்குள் சலவை இயந்திரம் ஏறாது. வாங்கவும் பில் போடவும் எடுக்கவும் ஒரு மணித்தியாலம் சுலபமாகப் போய்விடும், வெளியே நிற்பவர்களுக்கு அது தெரியாது.

பிறகு பெட்டி எடுப்பது, சுங்கம். அறிவிக்க ஒன்றும் இல்லையென்றால் பச்சை வழி, இருந்தால் சிவப்பு வழி. அதைக் கடந்தால் வருகை மண்டபம். வங்கிக் கவுண்டர்களும் டயலொக், மொபிட்டெல் சிம் விற்கும் இடங்களும் வாடகை வண்டிக் கவுண்டர்களும் அங்கேதான். அதற்கு அப்பால் கூட்டம், பெயர் எழுதிய மட்டைகள், சத்தம்.

விமானம் இறங்கியதில் இருந்து வெளியே வர ஒன்றரை மணித்தியாலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டி ஃப்ரீயில் பெரிய சாமான் வாங்கினால் இரண்டரை. விமானம் இறங்கும் நேரத்துக்கே வான் அங்கே நிற்க வேண்டியதில்லை. அந்த நேரத்தைச் சாரதி தூங்கிக் கழிக்கட்டும்.

வண்டிக்காரரைச் சந்திப்பதில் குழப்பம் வருவது எப்போதும் ஒரே இடத்தில்: வருபவரிடம் வேலை செய்யும் போன் இருக்காது. வெளிநாட்டு சிம்மில் ரோமிங் இல்லை, எயார்போட் வைஃபை கிடைத்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் இல்லை. வெளியே வந்து வட்ஸ்அப்பில் கூப்பிடலாம் என்று நம்பி வராதீர்கள். மண்டபத்தை விட்டு வெளியேற முன் ஒரு உள்ளூர் சிம் வாங்கிப் போட்டு, அங்கே நின்றே சாரதிக்கு ஒரு கோல் எடுங்கள். சாரதியின் பெயர், தொலைபேசி எண், வண்டி எண் மூன்றையும் கடதாசியில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். போன் சார்ஜ் இறங்கிப்போனாலும் கடதாசி இருக்கும்.

மட்டையில் பெயர் எழுதும்போது கடவுச்சீட்டில் உள்ள பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பெயரை எழுதிக்கொண்டு நின்றால், வெளிநாட்டில் பிறந்த மருமகன் அதைப் பார்த்தாலும் தனக்கென்று தெரியாமல் கடந்துபோய்விடுவார்.

வரவேற்க வந்தவர்கள் உள் மண்டபத்துக்கு வர அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிவரும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நடந்ததுபோல் சில காலங்களில் உள்ளே விடவே மாட்டார்கள். வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. வண்டி வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும், ஆள் வாசலுக்கு வருவார், பெட்டிகளோடு எல்லோரும் சேர்ந்து நடப்பார்கள். இந்த ஒழுங்கை முன்பே பேசிவையுங்கள். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு உதவிக்கு வரும் முன்பின் தெரியாதவர்களிடம் நன்றி சொல்லி விலகுங்கள். முடிவில் அவர்கள் கேட்பது பெரும்பாலும் வெளிநாட்டுத் தாளாக இருக்கும்.

## ஊர் வான்

வன்னியில் பல குடும்பங்கள் எடுக்கும் முடிவு இது. தெரிந்த பிள்ளை, தெரிந்த டொயோட்டா கேடிஎச் வான். வீட்டு வாசலில் இருந்து எடுத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும். பெட்டிகளுக்கு இடம் இருக்கும். தமிழில் பேசலாம், வழியில் அம்மாவுக்குக் கால் நீட்ட வேண்டுமென்றால் நிறுத்துவார். ஒழுங்கை எங்கே திரும்புகிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மழைக்காலத்தில் இது பெரிய உதவி. முல்லைத்தீவுக்குப் பரந்தன் பக்கத்தால் போய் வட்டுவாகலைக் கடப்பதா, மாங்குளம் ஒட்டுசுட்டான் பக்கத்தால் போவதா என்று கார்த்திகை, மார்கழியில் ஊர்க்காரர்தான் சரியாகச் சொல்வார்.

செலவைக் கணக்குப் பார்த்தால், போகும்போது வெறும் வான், வரும்போது நீங்கள். இரண்டு வழிக் கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். கிளிநொச்சி என்றால் 600 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு மேல் தரிப்பிடக் கட்டணம், சாரதியின் சாப்பாடு, விமானம் தாமதித்தால் காத்திருப்புக் காசு. டீசல் சேர்த்தா சேர்க்காமலா, காத்திருப்பு எத்தனை மணித்தியாலம் வரை இலவசம் என்று வாடகை பேசும்போதே கேட்டுவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

அடுத்தது, கூட்டிவரப் போகும் ஆட்கள். அண்ணன் போகிறார், அண்ணி போகிறா, பிள்ளைகள் எயார்போட் பார்த்ததில்லை, அவர்களும் ஏறுகிறார்கள். ஆசை எனக்கு விளங்குகிறது. பத்து வருடமாகக் காணாத முகத்தை வாசலிலேயே காண வேண்டும் என்று யாருக்குத்தான் இராது. ஆனால் ஆறு பேர் போன வானில் நான்கு பேரும் எட்டுப் பெட்டியும் ஏற வேண்டியிருக்கிறது. பெட்டிகளைக் கூரையில் கட்டி, நடைபாதையில் அடுக்கி, மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆறு ஏழு மணித்தியாலம் வருகிறார்கள். ஒருவர் போனால் போதும். அந்த ஒருவர் வழியெல்லாம் சாரதியோடு கதைத்துக்கொண்டு விழித்திருக்கக் கூடியவராக இருக்கட்டும்.

இனித் தூக்கம். காலை ஐந்து மணிக்கு விமானம் இறங்குகிறது என்று வையுங்கள். சாரதி முதல் நாள் பகலெல்லாம் வேறு ஹயர் ஓடியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு முல்லைத்தீவில் வெளிக்கிட்டு மூன்று மணிக்குக் கட்டுநாயக்க சேருகிறார். சீற்றைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் கண் மூடுகிறார், போன் அடிக்கிறது. ஆறரைக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். அநுராதபுரத்தைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் பயணக் களைப்பில் பின்னால் எல்லோரும் தூங்குகிறார்கள். விழித்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான், அவர் விழித்து 30 மணித்தியாலம் ஆகப்போகிறது. ஏ9 இல் மதவாச்சிக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் வீதி நேராக, அகலமாகக் கிடக்கும். கண் சொருகுவதற்கு அதைவிடத் தோதான வீதி இல்லை. இதே பயணம் இரவில் என்றால், வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளும், கருவலகஸ்வெவ, நொச்சியாகம பக்கம் வீதியைக் கடக்கும் யானைகளும் சேர்ந்துகொள்ளும்.

இதற்காக ஊர் வானை விட வேண்டாம். ஒழுங்கை மாற்றினால் போதும். சாரதி முதல் நாள் மாலைக்கு முன்பே நீர்கொழும்புக்கு வந்து ஒரு அறையில் படுக்கட்டும், அறைக் காசை நீங்கள் கொடுங்கள். அல்லது இரண்டாவது சாரதி ஒருவரைக் கூட அனுப்பச் சொல்லி அவருக்கும் சம்பளம் கொடுங்கள். வாடகையோடு பார்த்தால் இந்த இரண்டும் சிறிய காசு. பேசும்போது மரியாதை குறையாமல் நேரடியாகவே கேட்கலாம்: “தம்பி, வெளிக்கிட முதல் எத்தனை மணித்தியாலம் படுப்பீங்கள்? அறை போட்டுத் தாறம், வேளைக்கே போய் நில்லுங்கோ.” நல்ல சாரதி இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். அவரிடம் யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் உண்மை.

## எயார்போட் கவுண்டர் வண்டி

வருகை மண்டபத்திலேயே பேசி, பற்றுச்சீட்டு வாங்கி, வெளியே வந்து ஏறும் வண்டி. ஊரில் இருந்து யாரும் வரத் தேவையில்லை. விமானம் ஐந்து மணித்தியாலம் தாமதித்தாலும் யாருக்கும் காத்திருப்புக் காசு இல்லை. சாரதி உங்களுக்காக இரவு முழுக்க ஓடி வந்தவரும் இல்லை. இது பெரிய நன்மை.

ஆனால் விலை கூட. வன்னிக்குப் போன வண்டி வெறுமையாகத் திரும்பும் என்பதால் அந்தக் கிலோமீட்டரும் விலைக்குள் இருக்கும். ஒட்டுசுட்டான், விசுவமடு என்று பெயர் சொன்னால் எங்கே என்று தெரியாத சாரதியும் வரலாம். “வவுனியா வரை” என்று பேசிவிட்டு ஏறினால் புளியங்குளத்தில் மேலதிகக் காசுப் பேச்சு தொடங்கும். ஆகவே வீட்டின் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் காட்டி, அந்த வாசல் வரைக்கும் மொத்த விலை என்று பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். சிங்களம் தெரியாதவருக்கு வழியில் பேச்சு கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம், அப்போது வீட்டில் சிங்களம் தெரிந்த ஒருவரைப் போனில் வைத்திருங்கள். இங்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். இரவு வேலை முடியும் நேரத்தில் ஒரு நீண்ட ஹயர் கிடைத்த சாரதியும் களைத்தவர்தான்.

திடீரென்று, யாருக்கும் சொல்லாமல் வருபவர்களுக்கும், மரண வீட்டுக்கு அவசரமாக வருபவர்களுக்கும் இதுதான் வழி. அந்த நேரத்தில் விலையைப் பார்க்க வேண்டாம்.

## பிக்மி, ஊபர்

போன் செயலியில் கூப்பிடும் இந்த வண்டிகள் கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ போக நல்லது, விலையும் முன்பே தெரியும். வன்னி வரைக்கும் இதை நம்பி இறங்காதீர்கள். நீண்ட தூர ஓட்டத்துக்குப் பதிவு கிடைத்தாலும், இடத்தைப் பார்த்துவிட்டுச் சாரதி போன் எடுத்து வேறு விலை பேசலாம், அல்லது ரத்துச் செய்யலாம். நடு இரவில் பெட்டிகளோடு நிற்கும்போது அந்தத் தலையிடி வேண்டாம்.

## பஸ்சும் ரயிலும்

தனி ஆள், ஒரு பெட்டி, உடம்பில் தெம்பு. இந்த மூன்றும் இருந்தால் இது மற்ற எல்லாவற்றையும்விட மலிவு, பல மடங்கு மலிவு.

கட்டுநாயக்கவில் இருந்து 187 இலக்க பஸ் கொழும்புக் கோட்டைக்குப் போகும். அங்கிருந்து புறக்கோட்டையில் வவுனியா, யாழ்ப்பாணம் பஸ்களைப் பிடிக்கலாம். வெள்ளவத்தையில் இருந்து வெளிக்கிடும் இரவுச் சொகுசு பஸ்களில் பல நீர்கொழும்பு, புத்தளம் பக்கத்தால்தான் வருகின்றன. ஆசனம் பதியும்போதே கட்டுநாயக்க, நீர்கொழும்புப் பக்கம் எங்கே ஏறலாம் என்று கேளுங்கள். இடம் சொன்னால் கொழும்புக்குப் போய் வரும் வீண் அலைச்சல் மிச்சம்.

இரவு பஸ்சில் மறைந்திருக்கும் செலவு மாங்குளம் சந்தியில் தெரியும். பஸ் உங்களை அங்கே இறக்கிவிடும் நேரம் அதிகாலை இரண்டு மூன்று மணியாக இருக்கலாம். மல்லாவிக்கோ முள்ளியவளைக்கோ அந்த நேரத்தில் பஸ் இல்லை. தெரிந்த ஓட்டோக்காரரை முன்பே சொல்லிவைத்து, அந்தக் காசையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பெண் தனியாக வருகிறா என்றால் வீட்டில் இருந்து யாராவது பஸ் வர முன்பே சந்தியில் நிற்பதுதான் சரி.

ரயில் எனக்குப் பிடித்த வழி. பகல் ரயிலில் ஜன்னலோரம் இருந்து வந்தால், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் நாட்டை ஒழுங்காகப் பார்ப்பார்கள். போரில் அழிந்த வடபாதை மீண்டும் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் ரயில் வந்தது. வவுனியா, கிளிநொச்சி இரண்டிலும் இறங்கலாம். கொழும்புக் கோட்டைக்கே போய்த்தான் ஏற வேண்டும் என்றில்லை. குருநாகலிலும் பொல்காவலையிலும் நிற்கும் ரயில்களை அங்கேயே பிடிக்கலாம்.

இருந்தாலும் விமானம் இறங்கிய அதே நாளில் ரயில் வைக்காதீர்கள். விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்தினால் பதிந்த ஆசனம் போய்விடும், விடுமுறைக் காலத்தில் இன்னொன்று கிடைக்காது. திருத்த வேலைக்காக இந்தப் பாதை 2023 இலும் 2024 இலும் மாதக்கணக்கில் மூடியும் கிடந்தது. பெருமழைக்குப் பிறகும் ஓட்டம் மாறலாம். ஆகவே டிக்கெட் போட முன் ரயில் முழுத்தூரம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

## ஒரு இரவு நீர்கொழும்பில்

மாலை நான்கு மணிக்குப் பிறகு எப்போது இறங்கினாலும், யார் வந்தாலும், இதைத்தான் நான் சொல்வேன். நீர்கொழும்பு எயார்போட்டில் இருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. எல்லா விலைக்கும் அறைகள் உண்டு, தமிழும் அங்கே புழங்கும். குளித்து, சாப்பிட்டு, படுத்து, காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாடு கிளிநொச்சியில். சாரதிக்குத் தங்கும் இடம் கொடுக்கும் விடுதிகள் பல இருக்கின்றன, அறை பதியும்போது கேட்டு உறுதிப்படுத்துங்கள். அவர் வானுக்குள் படுக்கும்படி விட்டால் இந்த ஏற்பாட்டின் பயனே இல்லை.

மேலதிகச் செலவு ஒரு இரவு அறையும் இரண்டு நேரச் சாப்பாடும். வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருக்க ஒரு இரவு வீணாகிறதே என்று மனம் சொல்லும். அம்மா சமைத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா. வரும் நாளை அடுத்த நாள் மத்தியானம் என்றே ஊருக்குச் சொல்லிவிடுங்கள், அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவா.

## சென்னை வழியாகப் பலாலி

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 அன்று திறக்கப்பட்டது. கோவிட் காலத்தில் நின்ற சென்னைச் சேவையை 2022 டிசம்பரில் அலையன்ஸ் எயார் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. பலாலியில் இறங்கினால் கிளிநொச்சி சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலத்துக்குள் வீடு. பூநகரி, முழங்காவில் பக்கத்து ஆட்களுக்கு 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் இன்னும் சுகம். சிறிய நிலையம் என்பதால் வண்டிக்காரரைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு சென்னையில். லண்டன்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–யாழ்ப்பாணம் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், சென்னையில் குடிவரவைக் கடந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். குடும்பத்தில் நான்கு பேருக்கும் வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவதை விட்டால் அந்தக் காசும் போகும், சென்னையில் அறைக் காசும் சேரும். பலாலிக்கு வருபவை பெரும்பாலும் சிறிய ஏடிஆர் விமானங்கள். பெரிய விமானத்தில் அனுமதித்த பெட்டி எடை இதில் கிடைக்காது, மேலதிக எடைக்குக் காசு கேட்பார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை காலநிலையால் சேவை தடைப்படவும் கூடும்.

சென்னையில் எப்படியும் நிற்கப்போகிறவர்களுக்கு, நகை, சேலை, வைத்தியம், கோயில் என்று வேலை இருப்பவர்களுக்கு இது அருமையான வழி. வவுனியாக்காரருக்கு லாபம் குறைவு. பலாலியில் இருந்து வவுனியாவுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல்.

## யாருக்கு எது

| வருபவர் | என் தெரிவு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| குடும்பம், நிறையப் பெட்டி, காலையில் இறங்குவது | ஊர் வான் | சாரதி முதல் நாளே வந்து தூங்க வேண்டும் |
| யாராக இருந்தாலும், மாலையில் அல்லது இரவில் இறங்குவது | நீர்கொழும்பில் தங்கி, மறுநாள் ஊர் வான் | சாரதிக்கும் அறை |
| முதியவர் தனியாக | ஊர் வானும் வீட்டு ஆள் ஒருவரும் | விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவியை முன்பே பதிவது |
| அவசரமாக வருபவர் | கவுண்டர் வண்டி | வாசல் வரை மொத்த விலை எழுத்தில் |
| இளைஞர், ஒரு பெட்டி, ஏ9 ஓரம் வீடு | இரவு பஸ், அல்லது மறுநாள் ரயில் | சந்தியில் ஏற்ற ஆள் |
| டியூட்டி ஃப்ரீயில் பெரிய சாமான் வாங்குபவர் | ஊர் வான், பின் ஆசனம் மடித்தது | கூட்டிவர ஒருவர் மட்டும் |
| சென்னையில் வேலை உள்ள கிளிநொச்சி, பூநகரிக்காரர் | பலாலி | இந்திய விசா, பெட்டி எடை |

கணவன் மனைவி இரண்டு பேர், மூன்று பெட்டி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இறங்குகிறார்கள் என்றால்தான் உண்மையில் யோசிக்க வேண்டும். இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் வவுனியாவுக்கு இரவு ஏழு மணிக்கு வந்துவிடலாம், வாருங்கள். புதுக்குடியிருப்பு என்றால் கடைசி இரண்டு மணித்தியாலம் இருட்டில் வரும். நான் என்றால் வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் போவேன். உறவினர் இல்லையென்றால் சாரதி முதல் இரவு நன்றாகத் தூங்கியவரா என்று பார்த்து, தூங்கியவர் என்றால் மட்டும் தொடருவேன்.

வழியைத் தீர்மானித்த பிறகு, ஏறும் விமானத்தின் இலக்கம், இறங்கும் திகதியும் நேரமும், ஆட்களும் பெட்டிகளும் எத்தனை, டியூட்டி ஃப்ரீயில் வாங்குவது உண்டா, சந்திக்கும் இடம், பேசிய மொத்த விலை, அதற்குள் எதெல்லாம் அடக்கம் என்பதை ஒரே செய்தியாக எழுதிச் சாரதிக்கும் வீட்டுக்கும் வட்ஸ்அப்பில் போடுங்கள். நள்ளிரவு கடந்து இறங்கும் விமானமென்றால் திகதியோடு கிழமையையும் எழுதுங்கள். வெள்ளி இரவு 1.30 என்று சொன்னால் ஒருவர் வெள்ளி அதிகாலை என்று எடுப்பார், இன்னொருவர் சனி அதிகாலை என்று எடுப்பார். இடைத்தங்கலில் இறங்கியதும் விமானம் நேரத்துக்கு ஓடுகிறதா என்று ஒரு வரி அனுப்பினால், சாரதி அதற்கேற்ப இன்னும் ஒரு மணித்தியாலம் படுப்பார்.